நம்ம வாசலில் நின்ற ஷட்டில்: இர்விங்கிலிருந்து ரிச்சர்ட்சனுக்குக் கார் இல்லாமல்

டெக்சாஸ் மாநிலத்து இர்விங்கில் கார் இல்லாமல் இருப்பவர்கள் வெளியே தெரிவதைவிட அதிகம். மகள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் என்னைப் போன்ற வயதானவர்கள், வீட்டிலிருக்கும் ஒரே காரைக் கணவர் எடுத்துக்கொண்டு போய்விட அபார்ட்மென்டிலேயே இருந்துவிடும் பெண்கள், டிரைவிங் டெஸ்டில் மூன்றாம் முறையும் தோற்றவர்கள் எல்லோரும் இங்கே உண்டு. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ரிச்சர்ட்சனுக்குப் போனது ஏப்ரல் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. போன காரணம், நானே செய்த ஒரு வேலையில் எனக்கே நம்பிக்கை இல்லாமல் போனது.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் ஐந்தாறு அபார்ட்மென்டுகள் சேர்ந்து ரயில் நிலையம் வரை ஓர் இலவச ஷட்டில் விட ஆரம்பித்தன. வேன் ஓடியது, ஆனால் போனில் இருக்கும் பயணத் திட்டச் செயலிகள் எதிலும் அது தெரியவில்லை. இங்கிருந்து அங்கே எப்படிப் போவது என்று கேட்டால், ரயில் நிலையம் வரை நாற்பத்தைந்து நிமிடம் நடக்கச் சொல்லும். காரணம் எளிது. ஷட்டிலை நிர்வகிக்கும் மென்பொருள் ஐரோப்பாவில் செய்தது. அட்டவணையை அவர்கள் ஊர்த் தரமான நெட்டெக்ஸ் வடிவத்தில் கொடுக்கும். இங்கே செயலிகள் படிப்பது ஜி.டி.எஃப்.எஸ் என்ற இன்னொரு வடிவத்தை. ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுத்தால்தான் வேன் உலகத்தின் கண்ணில் படும்.

குடியிருப்போர் கூட்டத்தில் யாராவது இதைச் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். நான் ஒரு சந்தேகம் கேட்கத்தான் கையைத் தூக்கினேன். எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். இல்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு எப்போதுமே கிடையாது. தவிர, கோயம்புத்தூரில் முப்பது வருடம் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போட்டவன், படித்தது புள்ளியியல். செய்துவிடலாம் என்ற ஒரு சின்ன ஆசையும் இருந்தது.

“ஊர்ல முப்பது வருஷம் பஸ்ஸுக்கு டைம் போட்டீங்க. ஒரு நாளாச்சும் அந்த பஸ்ல ஏறிப் போனீங்களா? ஸ்கூட்டர்லதானுங்க போனீங்க” என்றாள் என் மனைவி சரோஜா. அவள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை.

ஐந்து வாரம் உட்கார்ந்து மாற்றினேன். சனி ஞாயிறு, விடுமுறை நாள் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். கஷ்டமாக இருந்தது ஒரே இடம். ஐரோப்பியத் தரத்தில் ஒரு நிறுத்தம் என்பது ஒரு இடம். அதற்குள் போகும் பக்கம், வரும் பக்கம் என்று இரண்டு உட்பிரிவுகள். எங்கள் கோப்பில் அந்த இடத்துக்கு நடுச்சாலையில் ஒரே ஒரு புள்ளிதான் குறித்திருந்தது. இங்கத்தியத் தரத்துக்கோ ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் புள்ளி வேண்டும். ஆகவே, வேன் போகும் திசையைப் பார்த்து நடுப்புள்ளியை ஓரத்துக்குத் தள்ளி வைக்கும்படி ஒரு நிரல் எழுதினேன். வரைபடத்தில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. சரிபார்ப்பு நிரலும் பிழை எதுவும் இல்லை என்று பச்சை விளக்கைக் காட்டியது.

பொது வெளியீட்டுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தபோதுதான் சங்கீதா வந்தாள். கீழ்த்தளத்தில் இருக்கிறாள், நாமக்கல் பெண், உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. மகள் நிலாவுக்கு மூன்று வயது. ஒர்க் பெர்மிட் வந்த கையோடு ரிச்சர்ட்சனில் ஒரு கேம்பஸ் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருந்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை. நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு கிடைத்த முதல் வேலை. திங்கள் மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கணவர் ஆறரைக்கே காரை எடுத்துக்கொண்டு ஃபோர்ட் வொர்த் போய்விடுவார். வாடகைக் கார் என்றால் ஒரு நடைக்கு முப்பத்தைந்து நாற்பது டாலர். சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும்.

என் லேப்டாப்பில் இருந்த சோதனைத் திட்டமியில், அதாவது என் கோப்பைப் படித்து வழி சொல்லும் செயலியில், போட்டுப் பார்த்தோம். எங்கள் கேட்டை ஒட்டியிருக்கும் டேகேர் ஏழு மணிக்குத் திறக்கும். குழந்தையை விட்டுக் கையெழுத்துப் போட்டு வெளியே வர ஏழு மணி ஆறு நிமிடம். ஷட்டில் ஏழு பன்னிரண்டுக்கு ஒன்று, ஏழு நாற்பத்திரண்டுக்கு ஒன்று. முதல் வண்டியைப் பிடிக்க முடியாது என்றது திட்டமி. நிறுத்தம் ஆறு தடச் சாலைக்கு எதிர்ப்பக்கம். சிக்னல் கால் மைல் தெற்கே. போய், கடந்து, திரும்பி வரப் பதினோரு நிமிடம். இரண்டாவது வண்டியில் போனால் கேம்பஸ் சேர ஒன்பது இருபத்தைந்து.

“ஒன்பதரைக்கு வரலாமான்னு கேட்டேனுங்க அங்கிள். நைன் ஷார்ப்னு சொல்லிட்டாங்க. அப்ப முடியாதுன்னு மெயில் போட்டுர்றேன்” என்று எழுந்தாள்.

“போடாதே” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. “நான் போட்ட கணக்கும்மா அது. எனக்கே நம்பிக்கை இல்ல. ஒரு தடவை போய்ப் பாத்துட்டு அப்புறம் முடியாதுன்னு சொல்லு.”

வெள்ளிக்கிழமை காலை ஏழு ஆறுக்கு நிலாவை டேகேரில் விட்டு வெளியே வந்தோம். சரோஜா சப்பாத்தியும் உருளைக்கிழங்குமாய்க் கட்டிக்கொடுத்த பை என் தோளில், லேப்டாப் இன்னொரு தோளில். திட்டமி சொன்னபடி சிக்னல் வரை நடந்து, நடப்பவர்களுக்கான வெள்ளை விளக்கு வந்ததும் கடந்து, எதிர்ப்பக்கம் திரும்பி வந்து நின்றோம். நடைபாதை பாதி தூரத்தோடு தீர்ந்துபோய்ப் புல்லில் நடக்க வேண்டியிருந்தது. ஷட்டில் நிறுத்தங்களுக்குப் பலகை எதுவும் கிடையாது. டெக்சாஸ் ஏப்ரலில் காலைக் காற்று இதமாக இருக்கும். ஆனால் புல்லில் பனி, எனக்குச் சாக்ஸ் நனைந்துவிட்டது.

“இந்தப் பக்கந்தானுங்களா அங்கிள்?”

“டேட்டா அப்படித்தான் சொல்லுது.”

“அந்த டேட்டா நீங்க போட்டதுதானுங்களே.”

அதற்குள் வெள்ளை வேன் தெற்கிலிருந்து வந்தது. சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்ததில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமை அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை.

“அங்கிள்... வண்டி நம்ம வீட்டு வாசல்ல நிக்குது.”

ஆமாம். ஆறு தடங்களுக்கு அந்தப் பக்கம், நாங்கள் அரை மணி நேரத்துக்கு முன் வெளியே வந்த அதே கேட்டுக்கு நேராக வேன் நின்றது. கதவு திறந்தது. அங்கே ஏற யாரும் இல்லை. சங்கீதா துப்பட்டாவைக் கழற்றி வீசிக் காட்டினாள். நான் சப்பாத்திப் பையைத் தூக்கி ஆட்டினேன். ஓட்டுநர் எங்களைப் பார்த்து மிகவும் சந்தோஷமாகக் கையசைத்தார். கதவு மூடியது. வேன் போய்விட்டது.

சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வடக்கே போகும் வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் போயின. தெற்கே போகும் வண்டிகள் எங்கள் பக்கம். அப்போதுதான் புரிந்தது, முதுகில் யாரோ தண்ணீர் ஊற்றியதுபோல. நான் எழுதிய நிரல் ஒவ்வொரு நிறுத்தத்தையும் வண்டி போகும் திசைக்கு இடப்பக்கம் தள்ளியிருந்தது. பிறந்ததிலிருந்து நான் பேருந்து ஏறியதும், முப்பது வருடம் நிறுத்தம் குறித்ததும் எல்லாம் சாலையின் இடது ஓரத்தில். இங்கே வண்டிகள் ஓடுவதும் நிற்பதும் வலது ஓரத்தில். கைக்கு வேறு பக்கம் தெரியாது. வரைபடத்தில் பார்த்தபோது அம்சமாகத் தெரிந்தது ஏன் என்றும் புரிந்தது. அது ஊரைப்போல இருந்தது.

சரிபார்ப்பு நிரலுக்கு எந்த நாட்டில் எந்தப் பக்கம் என்ற கவலை கிடையாது. முப்பத்தெட்டு நிறுத்தப் புள்ளிகளும் தப்பான பக்கத்தில் இருந்தன, ஒன்றுக்கொன்று மாறாமல், மிக ஒழுங்காக.

சங்கீதாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு நிமிடம் என்னையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் சிக்னல் வரைக்கும் நிறுத்தவில்லை. “நானும் ரெண்டு வருஷமா இங்க இருக்கேன் அங்கிள். டிரைவிங் டெஸ்ட்ல எதுக்கு ஃபெயில் பண்ணாங்க தெரியுங்களா? லெஃப்ட் டர்ன் எடுத்து நேரா ராங் சைடு லேன்ல போய்ட்டேன்.”

வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து எட்டு பன்னிரண்டு வண்டிக்கு நின்றோம். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தோம். டிக்கெட் செயலியில் அன்றைக்கான பாஸ் வாங்கியாகிவிட்டது, அவளுக்கு ஆறு டாலர், மூத்தவர் சலுகையில் எனக்கு மூன்று. சப்பாத்தியும் இருந்தது. போவதென்றே முடிவு செய்தோம்.

அடுத்த வேனின் ஓட்டுநர் ரமோன் என்பவர், ஏறும்போதே கேட்டார்: “ஆர் யூ தி டூ வேவிங் பீப்பிள்?” முன் வண்டிக்காரர் ரேடியோவில் சொல்லியிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். மன்னிப்பு எதற்கு, காலையில் அவனுக்குக் கையசைத்தவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான், குஷியாகிவிட்டான் என்றார்.

ரயில் நிலையத்துக்குப் பதினான்கு நிமிடம். அங்கே எட்டு நிமிடம் காத்திருந்து ரயில் ஏறினோம். நெரிசல் நேரத்தில் மாறாமல் ரிச்சர்ட்சன் வரை போகலாம். மற்ற நேரங்களில் டவுன்டவுனில் மாற வேண்டியிருக்கும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் மட்டும் அறுபத்தாறு நிமிடம். வலப்பக்க ஜன்னல் இருக்கையைப் பிடித்தால் டவுன்டவுன் கட்டடங்களை நன்றாகப் பார்க்கலாம் என்று சொல்லத்தான் ஆசை. நான் பார்க்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்திருந்தேன்.

நிரலில் அந்த வரியைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. ஒரு மைனஸ் குறி. அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி மாற்ற ஓடவிட்டேன். டவுன்டவுனைத் தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் போனது. ஜன்னல் இருட்டில் எங்கள் இரண்டு முகமும் தெரிந்தன. சங்கீதா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டேகேர், செவன் நாட் சிக்ஸ்னு போடுங்க அங்கிள்.”

போட்டேன். இரண்டு நிமிட நடை. ஏழு பன்னிரண்டு ஷட்டில். ஏழு முப்பத்துநான்கு ரயில். அங்கிருந்து கேம்பஸ் பஸ். சேரும் நேரம் எட்டு ஐம்பத்தைந்து.

அவள் மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். எட்டு ஐம்பத்தைந்துதான். சுரங்கத்திலிருந்து ரயில் வெளியே வந்தபோது துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வெயில் அடிக்குது” என்றாள்.

கேம்பஸ் அழகான இடம். மரத்தடி பெஞ்சுகள், ஒரு நல்ல நீரூற்று, வெளியாட்களும் போய் உட்காரக்கூடிய காபிக் கடை. காபி மூன்றரை டாலர், சுமார்தான். ஆய்வகக் கட்டடத்தை வெளியே இருந்து இரண்டு சுற்று சுற்றினோம். சப்பாத்தியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. காலைப் பக்கம் நல்லதாக மாறியது என்றால் மாலைப் பக்கம் கெட்டதாக மாறியிருக்க வேண்டும். தெற்கே திரும்பி வரும் ஷட்டில் உண்மையில் எதிர்ப்பக்கத்தில்தான் இறக்கிவிடும். அந்தப் பதினோரு நிமிடம் எங்கும் காணாமல் போகவில்லை. சாயங்காலத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

கணக்குப் போட்டேன். நான்கு மணிக்கு வேலை முடிந்து, எல்லாவற்றையும் சரியாகப் பிடித்தால் ஐந்து ஐம்பதுக்கு எதிர்ப்பக்கம் இறங்கலாம். பதினோரு நிமிடம் சேர்த்தால் ஆறு ஒன்று. டேகேர் ஆறுக்கு மூடும். தினமும் தாமதமாக வந்தால் குழந்தையை வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே ஒரு நிமிடத் தாமதம். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். நான் சொல்லித்தான் அவள் மெயில் போடாமல் இருக்கிறாள். சொன்னேன்.

“திட்டமி என்ன சொல்லுது?” என்று கேட்டாள்.

திட்டமி ஐந்து ஐம்பத்தெட்டு என்றது. எங்கள் நிறுத்தத்தில் இறங்க வேண்டாம், தாண்டிப் போய் அடுத்த நிறுத்தத்தில் இறங்கு என்றது.

“நம்ம ஸ்டாப்பைத் தாண்டிப் போகச் சொல்லுதுங்களா? அங்கிள், மறுபடியும் எங்கியோ மைனஸ் போட்டுட்டீங்க.”

எனக்கும் அந்தச் சந்தேகம்தான். பாக்கெட்டிலிருந்த பில்லின் பின்பக்கம் சாலையை வரைந்து பார்த்தேன். அடுத்த நிறுத்தம் சிக்னல் அருகிலேயே இருக்கிறது. தெற்கே போகும் வண்டி மட்டும் அங்கே நிற்கும். வடக்கே வரும்போது வலது திரும்பும் தடம் குறுக்கே இருப்பதால் நிற்காது. அங்கே இறங்கினால் சிக்னலுக்கு நடக்கும் நடை மிச்சம். கடந்து, ஒரு பக்கம் மட்டும் நடந்து வரலாம். தாளில் சரியாகத்தான் வந்தது. ஆனால் காலையில் திரையிலும் எல்லாம் சரியாகத்தான் வந்திருந்தது. “போய்ப் பாத்துரலாம்மா” என்பதைத் தவிர என்னால் எந்த உறுதியும் கொடுக்க முடியவில்லை.

நான்கு மணிக்கு ஆய்வகக் கட்டடத்தின் கதவைத் தொட்டுவிட்டுக் கிளம்பினோம், நிஜமாக வேலை முடிந்து வருவதுபோல. கேம்பஸ் பஸ், நான்கு இருபத்துநான்கு ரயில், எல்லாம் கிடைத்தன. ஷட்டிலில் மறுபடியும் ரமோன்தான். எங்கள் கேட் வந்தது. எதிர்ப்பக்க நிறுத்தத்தில் வேனை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.

“ஹோம், மை ஃப்ரெண்ட்” என்றார், கேட்டைக் கைகாட்டி.

“நெக்ஸ்ட் ஸ்டாப்” என்றேன். வீட்டு வாசலைத் தாண்டிப் போகும் வேனில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சங்கடம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ரமோன் தோளைக் குலுக்கிவிட்டு ஓட்டினார். இந்த இரண்டு பேரைப் பற்றி அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது தெரிந்தது.

சிக்னலில் இறங்கினோம். வெள்ளை விளக்கு உடனே வரவில்லை. சங்கீதா பொத்தானை ஏழெட்டு முறை அழுத்தினாள். கடந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போனாள். நான் எப்போதும் நடக்கும் வேகத்தில் நடந்தேன், இல்லாவிட்டால் கணக்குச் சரியாக இருக்காது. டேகேர் வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து ஐம்பத்தெட்டு. அவள் எனக்கு முன்பே கதவுக்குள் இருந்தாள். நிலா காலணி போட்டுக்கொண்டு பையோடு தயாராக நின்றாள்.

“மம்மி, யூ ஆர் சோ லேட்!”

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குடி தங்கம்” என்றாள் சங்கீதா. அங்கேயே, குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனில் ஆய்வகத்துக்கு மெயில் போட்டாள். ஒரே வரி. அனுப்பும் முன் என்னிடம் காட்டினாள், எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி. எனக்குக் கண்ணாடி மங்கலாக இருந்தது. சரியாக இருக்கிறது என்றேன்.

சனிக்கிழமையிலிருந்து செவ்வாய்வரை நான்கு நாளும் ஷட்டிலில் சுற்றி, முப்பத்தெட்டு நிறுத்தங்களிலும் இறங்கி நின்று பார்த்தேன். இன்னொரு தவறும் கிடைத்தது: ஒரு நிறுத்தம் வாத்துக் குளத்துக்குள் இருந்தது. அதையும் கரையேற்றிய பிறகுதான் புதன்கிழமை கோப்பை வெளியிட்டார்கள். சரோஜா ஒரு நாள் என்னோடு வந்தாள். “இப்பத்தானுங்க நீங்க பஸ்ஸுல போறீங்க” என்றாள்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. காரில் இருபது மைல், சாலை காலியாக இருந்தால் அரை மணி. இப்படிப் போனால் வீட்டிலிருந்து கேம்பஸ் வரை ஒரு மணி ஐம்பது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகமோ தூக்கமோ எடுத்துப் போங்கள். ரயிலில் குளிர் அதிகம், மே மாதத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். டிக்கெட்டைப் போனில் முன்பே வாங்குங்கள். மூத்தவர் சலுகைக்கு அடையாள அட்டை கையில் இருக்கட்டும். விலையும் நேரமும் அன்றைய நிலவரம், மாறியிருக்கலாம். திட்டமி உங்களை வீட்டைத் தாண்டிப் போகச் சொன்னால் உடனே கோபப்படாதீர்கள். சிக்னல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வேறு ஊரில் இதுபோல ஒரு சின்ன ஷட்டிலின் அட்டவணையை யாராவது மாற்றிக்கொண்டிருந்தால், பச்சை விளக்கு வந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு நிறுத்தத்திலாவது போய் நில்லுங்கள். எந்தப் பக்கம் நிற்பது என்று உங்கள் காலைக் கேட்காதீர்கள். வருகிற வண்டியைப் பாருங்கள்.

சங்கீதா வேலைக்குப் போக ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. ஏழு பன்னிரண்டுக்குக் கேட்டருகே நான் நடைப்பயிற்சியில் இருப்பேன். வேனில் ஏறும்போது அவளும் ஓட்டுநரும் சாலையின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துப் பலமாகக் கையசைப்பார்கள். அங்கே புல்லைத் தவிர ஒன்றும் இருக்காது. இந்தப் பக்கம் நின்று நான் பதிலுக்கு அசைப்பேன்.